மகிழினியின் பேட்டரி

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதுதான் பதினான்கு வருஷமாக என் வேலை. "நீலமேகம் அண்ணே, இன்னிக்கு சீக்கிரமே பச்ச லைட் வந்துச்சு" என்று எந்த டிரைவராவது பல்லைக் காட்டினால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

"டேய், பேட்டரி கெழடாய்ட்டா உள்ள எடம் கொறைஞ்சிடும். அதான் சீக்கிரம் ரொம்புது. ரொம்பினதும் சார்ஜரு தானா நின்னுடும். நீ ராவெல்லாம் சொருகி வெச்சாலும் அதுக்கு மேல ஏறாது" என்பேன்.

இவ்வளவு தெரிந்த நான் வியாசர்பாடியில் என் வீட்டிலேயே கோட்டை விட்டேன்.

என் மகள் மகிழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் சார்ஜ் இருந்தால்தான் அவளுக்குக் கேட்கும். இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். உமைமா டீச்சர் நல்லவர்தான். "சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் கூப்பிட்டா திரும்பியே பார்க்க மாட்டேங்கிறா சார். காலையில நல்லாதான் இருக்கா. இப்படியே போனா வேற ஸ்கூல் பார்க்கச் சொல்லிடுவாங்க" என்றார். மற்றப் பிள்ளைகளோடு அவள் படிக்க வேண்டும் என்றுதான் நானும் என் மனைவி அம்முவும் நாலு வருஷமாக நாயாய் அலைந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகிழினியைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா திமிரு ஒனக்கு? டீச்சர் கூப்ட்டா திரும்ப மாட்டியா?" "எனக்கு கேக்கலப்பா" என்றவளின் முதுகில் ஒன்று வைத்தேன்.

அம்மு குறுக்கே வந்தாள். "புள்ளய ஏன்யா அடிக்கிற? மெஷின்ல கோளாறு கீதான்னு மொதல்ல பாரு. முன்னெல்லாம் பச்ச லைட் வர நாலு மணி நேரம் ஆவும். இப்போ ஒரு மணி நேரத்துல வந்துடுது. நல்லா ஏறுதுன்னு நெனைச்சிகினேன்."

நானும் தினமும் அதைப் பார்த்தவன்தான். அரை நாள்கூடத் தாங்காத பேட்டரியை மாட்டிப் பிள்ளையை அனுப்பியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதுதான் உறைத்தது. மத்தியானமே சார்ஜ் தீர்ந்திருந்தால், இப்போது நான் கத்தியது அவளுக்கு எப்படிக் கேட்டது? மெஷினைத் தொட்டுப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நீயே ஆஃப் பண்ணியாம்மா?"

தலையாட்டினாள். "சோறு துன்னதும் ஆஃப். நீ வந்தா ஆன்."

"ஏன்?"

"அப்பா பேசும்போது தீந்துட்டா?"

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. யார்டிலிருந்து அலுத்து வந்து படுக்கும் நான் தினமும் அவளிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "சத்தம் போடாம அந்தாண்ட போய் வெளையாடு."