தோலா, மூளையா?

"இது மூளையோட துடிப்பு இல்லம்மா. வெறும் தோலோட துடிப்பு" என்று பெரிய டாக்டரம்மா ஒரே போடாகப் போட்டார்.

இன்ஜினியருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நெற்றியில் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வருவதைப் பிடித்து, மூளையில் ரத்தம் துடித்துத் துடித்து ஓடுவதைத் திரையில் அலையாகக் காட்டும் இயந்திரம் அது. ஊசி இல்லை, கத்தி இல்லை. டாக்டர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்றே சாமான் அறைக்குப் போய்விடும். முன்பு அவள் அப்பா நினைவு தப்பிக் கிடந்தபோது, மூளைக்கு ரத்தம் போகிறதா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டு கேட்டாள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் கட்டிய இயந்திரத்தைத் தூசி தின்ன விடுவாளா?

"சரி மேடம். தோலுக்குப் போற ரத்தத்தை நிறுத்திட்டுக் காட்டறேன்" என்று, நாற்காலியில் இருந்த அண்ணனின் புருவத்துக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். இதற்கெல்லாம் தலை கொடுக்க வேறு எவன் வருவான்?

"எனக்கு மூளையே இல்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ, இப்ப அதைத் தேடறாளாம்!" என்றான் அவன்.

அலை படுத்துவிட்டது.

"பார்த்தியா?" டாக்டர் எழுந்தார். அவர் சொன்னதுதான் சரி. லேசருக்குப் பக்கத்திலேயே வைத்து வெளிச்சத்தைப் பிடித்தால் தோலில் பட்டுத் திரும்புவதுதான் கிடைக்கும். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாளே!

"கொஞ்சம் உட்காருங்க மேடம்." கெஞ்சலாக இல்லை, அதட்டலாகவே வந்தது. டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒயரை மூன்று விரல் தள்ளி ஒட்டினாள். ஆழத்திலிருந்து வரும் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. திரையெல்லாம் ஒரே கிறுக்கல். கிறுக்கல் கழிந்து துடிப்பு மட்டும் நிற்கட்டும் என்று, ஒரு துடிப்பின்மேல் அடுத்த துடிப்பை அடுக்கும்படி கணினியை முடுக்கினாள்.

"தலை வெடிச்சுடும்டீ!"

"ஒண்ணும் வெடிக்காது. பேசாம இருண்ணா."

கிறுக்கலுக்குள் சின்னதாக ஒரு மேடு எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது அலையானது. டாக்டர் எழுந்து வந்து, தன் கையாலேயே பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கினார். அண்ணன் "ஐயோ அம்மா!" என்றான். அலை துளியும் குறையவில்லை.

"ஒத்துக்கறேன். இது உள்ளேருந்துதான் வருது. நாளைக்கு வார்டுக்குக் கொண்டு வா."

"நினைவில்லாம கிடக்கறவங்களுக்கு ஏது மேடம் நாளைக்கு?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல் இயந்திரத்தை வார்டுப் பக்கம் உருட்டினாள்.

"அடியே, முதல்ல என்னை அவிழ்த்து விடுடீ!" என்று கத்திக்கொண்டே, ஒயர் இழுத்த இழுப்புக்கு அண்ணனும் பின்னாலேயே ஓடினான்.