பழ டாக்டரின் அஜ்வா டப்பா

பழ டாக்டர் மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதித்தவர் அல்ல. பேரீச்சம்பழக் கடை வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் கடை வாசலில் நின்று யாராவது நெற்றியைத் தேய்த்துவிட்டால் போதும், மனிதர் விடமாட்டார். "தலைவலியா? பழத்தைச் சாப்பிடுங்க, மத்ததைப் பழம் பாத்துக்கும்" என்பார். மூட்டுவலிக்கும் அதே மருந்து, மருமகளோடு சண்டை போட்டு ஏறிய ரத்தக்கொதிப்புக்கும் அதே மருந்து. தெரு அவருக்கு அந்தப் பட்டத்தைக் கிண்டலாகத்தான் கொடுத்தது. அவர் அதைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

கடைப் பலகையை இரண்டாகப் பிரித்திருந்தார். இடப்பக்கம் பச்சை எழுத்தில் மார்க்கம்: காலையில் ஏழு அஜ்வா பேரீச்சை சாப்பிட்டவரை அன்று விஷமும் சூனியமும் தீண்டாது என்ற நபிமொழி, பிரசவ வேதனையில் மர்யம் அம்மையாருக்குப் பேரீச்ச மரம் பழம் உதிர்த்த செய்தி, பழத்தால் நோன்பு திறப்பதன் சிறப்பு. வலப்பக்கம் நீல எழுத்தில் மருத்துவம்: நார்ச்சத்து, பொட்டாசியம், மெக்னீசியம். இரண்டு பக்கமும் சரிதான், யாரும் குறை சொல்ல முடியாது. வம்பெல்லாம் நடுவில் அவர் வாயால் சேர்க்கும் சரக்கில்தான் இருந்தது. சர்க்கரை வியாதியே ஓடிப்போகும் என்று ஒரே போடாகப் போடுவார்.

ஒருநாள் பள்ளிவாசல் இமாம் பலகையை நிதானமாகப் படித்தார். "நோய் வந்தா மருத்துவம் செஞ்சுக்கோங்கன்னும் நபிமொழி இருக்கே. அதையும் ஒரு வரி எழுதலாமே" என்றார்.

"எழுதலாம்தான் ஹஜ்ரத், பலகையில இடம் இல்லியே" என்று கையைப் பிசைந்தார் பழ டாக்டர். அடுத்த வாரம் அதே பலகையில் தன் ஃபோன் நம்பரை இரண்டாவது தடவை எழுத இடம் கிடைத்தது.

இதில் கூத்து என்னவென்றால், பழ டாக்டருக்கே சர்க்கரை. இன்று நேற்றல்ல, பல வருஷமாக. தெரிந்த முகம் எதுவும் வராத ஒரு ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போய்க் காட்டிவிட்டு வருவார். மாத்திரை அட்டைகளை மேல் தட்டில் இருந்த அஜ்வா டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். கடையிலேயே விலை உயர்ந்த பழம் அது, விலையைக் கேட்டதும் எல்லோரும் பக்கத்து டப்பாவுக்கு நகர்ந்துவிடுவார்கள். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது? விஷயம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

தினமும் காலையில் வாடிக்கையாளர்கள் பார்க்க ஏழு பழம் சாப்பிட்டுக் காட்டுவது அவர் வழக்கம். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றில் ஏழு பழம் தின்றால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தின்னப்போகும் பழத்துக்கு ஈடாக முன்கூட்டியே ஒரு மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிடுவார்.

"டாக்டர் சொன்னது ஒண்ணு, நீங்க முழுங்குறது ரெண்டு. யாருங்க சொல்லிக்கொடுத்தது இதை?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் உள்ள போய் ஒண்ணையொண்ணு பாத்துக்கும், நீ சும்மா இரு" என்றார்.

வினை செல்ஃபோன் கடைக்காரர் ரூபத்தில் வந்தது. எதிர்க்கடைக்காரர், நல்ல மனிதர். "உங்க பேச்சை வீடியோ எடுத்துப் போடுறேன் டாக்டரே, உலகமே பாக்கட்டும்" என்றார். அன்று காலை வழக்கம்போல இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, முதல் பழத்தைக் கையில் பிடித்தபடி பழ டாக்டர் பேச ஆரம்பித்தார். கேமராவைக் கண்டால் சும்மா இருக்கிற ஆளா? மர்யம் அம்மையாரில் தொடங்கி, மெக்னீசியத்துக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து பிடித்தார். நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததால் எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டியதாயிற்று. பழம் கையிலேயே இருந்தது.

திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, நாக்கு குழறியது, அப்படியே மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் பதறியது. யாரோ அவர் கையிலிருந்த பழத்தையே வாயில் கொடுக்க, அவர் மென்றார். இன்னும் சில பழங்கள் உள்ளே போயின. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, "எங்க விட்டேன்?" என்றார்.

செத்தவரை எழுப்பிய பழம் என்ற தலைப்போடு அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. உண்மை என்னவென்று பழ டாக்டருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் மறுநாள் கடை முன்னால் நின்ற வரிசையைப் பார்த்ததும் அவருக்கு வாய் வரவில்லை. வேறு எல்லாவற்றுக்கும் வந்த வாய்!

அந்த வாரமே அவருடைய அக்கா வந்தாள். தாய் இல்லாத அவரைத் தையல் மிஷின் மிதித்து வளர்த்தவள். அவளுக்கும் சர்க்கரை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து வரிசையில் நின்றாள்.

"கால்ல என்னக்கா?"

"ஊசி மேல மிதிச்சிட்டேன்டா. ஆற மாட்டேங்குது. அதை விடு, பழம் ரெண்டு பெட்டி கொடு."

"மாத்திரை போடுறியா இல்லியா?"

"அதான் உன் வீடியோவைப் பாத்தேனே. அன்னிக்கே எல்லாத்தையும் குப்பையில போட்டாச்சு" என்றாள் பெருமையாக. வரிசையில் நின்றவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

அவளை மூட்டைமேல் உட்காரவைத்து, காலின் துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். புண்ணைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது. அந்தக் கால் மிதித்த மிஷினில்தான் அவர் வளர்ந்தார். "டாக்டர்கிட்ட போலாம்க்கா" என்றார்.

"நீயே டாக்டர்தானே."

"உள்ள வா. தனியா ஒண்ணு சொல்லணும்."

"ஊருக்கெல்லாம் நடுத்தெருவில சொல்றே. எனக்கு மட்டும் என்ன தனியா?"

பழம் நிறுத்துக்கொண்டிருந்த மனைவி, தராசு பக்கத்தில் கிடந்த முக்காலியைக் காலால் மேல் தட்டுப் பக்கம் தள்ளினாள். பழ டாக்டர் அதன்மேல் ஏறி அஜ்வா டப்பாவை இறக்கினார்.

"அஜ்வாவா? எனக்கும் ஒரு கால் கிலோ" என்றார் வரிசையில் ஒருவர்.

டப்பாவைக் கவிழ்த்தார். மேஜைமேல் மாத்திரை அட்டைகள் விழுந்தன. கால் கிலோ கேட்டவர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் பையை மடித்துக்கொண்டார்.

"சர்க்கரை மாத்திரை. என்னோடதுதான்" என்றார் பழ டாக்டர். "அன்னிக்கு விழுந்தது இதைக் கூடுதலா போட்டுட்டு வெறும் வயித்தோட நின்னதால. பழத்துல இனிப்பு இருந்துச்சு, எழுந்தேன். சர்க்கரைத் தண்ணி கொடுத்திருந்தாலும் எழுந்திருப்பேன்."

இரண்டு பேர் பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். "இதையும் வீடியோ எடுக்கணுமா டாக்டரே?" என்று செல்ஃபோன் கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

"எடுங்க" என்றார்.

அக்கா ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் தூக்கிப் போட்டதும் இதேதான்" என்றாள். "ஏன்டா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"உன் வெக்கத்துக்கு என் காலாடா கிடைச்சுது?"

திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பழ டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அக்கா அவர் தோளை ஊன்றி எழுந்தாள்.

"நட, ஆஸ்பத்திரிக்கு. நீயும் காட்டு."

மனைவி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். பழ டாக்டர் கடையைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, எல்லாரும் கிளம்பிட்டா கடையை யாரு பாத்துக்குறது?"

அக்கா படியிறங்கிக்கொண்டே சொன்னாள்: "பழம் பாத்துக்கும், வா."