நடந்தால் ஒன்றும் நடக்காது

1

இந்தக் கதை ஒரு பச்சைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தங்கைக்குத் துணையாக இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஆம்பூர் மஹ்பூபி, கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அங்கே பேசியதில் பாதி தானாகக் காதில் விழுந்தது. மீதிக்கு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'கோடைப் பாலாற்றைப் போல அவள் கால்களில் ரத்தம் தேங்கி...' கோடைப் பாலாற்றில் தேங்குவதற்கு என்ன இருக்கிறது? (எங்கள் பக்கத்து எழுத்தாளர்களுக்குப் பாலாற்றை விட்டால் உவமை கிடையாது.) அடித்துவிட்டேன்.

2

மஹ்பூபிக்கு ஷூ கம்பெனியில் நின்றுகொண்டு பசை தடவுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு முன்னால் நிற்கிற வேலை. அதனால் ஆஸ்பத்திரிக் கட்டில் அவளுக்குச் சீர்வரிசையில் வந்த பொருள்போல இருந்தது. இட்லி படுக்கைக்கே வந்தது. தோல் மண்டியில் தரம் பிரிக்கிற கணவர் மக்பூல் அகமது, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். தாகமில்லை. இருந்தாலும் அவர் கேட்டதற்காகவே வேண்டும் என்றாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை நர்ஸ் ஹேமலதா வந்தாள். "எழுந்திருங்கம்மா, நடக்கணும்."

"இன்னாது? வயித்த அறுத்துட்டு நடக்கச் சொல்றீங்களா?"

"வயித்துல தையல் போட்டாச்சு. இப்ப பயம் கால்லதான். படுத்தே கெடந்தா கெண்டைக்கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாய்டும். அது கெளம்பிப் போய் நுரையீரல்ல அடைச்சா உயிருக்கே ஆபத்து. அதுக்குத்தான் வயித்துல போடுற அந்த ஊசி, கால்ல இந்த இறுக்கமான சாக்ஸ். மீதி உங்க கையில. நடந்தா ஒண்ணும் நடக்காது."

(கடைசி வாக்கியம் நான் சேர்த்ததில்லை. எனக்கு அவ்வளவு நன்றாக வராது.)

மஹ்பூபிக்குப் பயம் வந்தது. ஆனால் கட்டியைப் பற்றி மட்டுமல்ல. குரலைத் தாழ்த்தினாள். (நாற்காலி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.)

"எனக்கும் உயிர் வேணும் சிஸ்டர். ஆனா நான் நடக்கிறத எங்க வீட்டுக்காரர் பார்த்தா, நடக்கிறவ சமைக்க மாட்டாளான்னு கேப்பாரு. எங்க வீட்ல ஒண்ணு, படுத்திருக்கணும். இல்லாட்டி வேலை செய்யணும். நடுவுல ஒண்ணும் கெடையாது."

3

ஆக, ஓர் ஒப்பந்தம். பார்வையாளர் நேரத்தில் படுக்கை. மற்ற நேரத்தில் நடை. வெள்ளை சாக்ஸோடு, ஒரு கையால் தையலைப் பொத்திக்கொண்டு, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தாள் மஹ்பூபி. ஆம்பூரிலிருந்து யாராவது பிரியாணிப் பொட்டலத்தோடு படியேறினால் ஹேமலதா இருமுவாள். மஹ்பூபி கட்டிலுக்குத் திரும்பி முனகத் தொடங்குவாள்.

"கொஞ்சம் கம்மியா முனகுங்க. டாக்டர் ஓடி வந்துடப் போறாரு."

போர்வைக்குள் பாதங்கள் மட்டும் ஹேமலதா சொல்லிக்கொடுத்தபடி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். "கால் ஏன் ஆடுது?" என்று ஒருவர் கேட்டார். "வலி ஜாஸ்தி" என்றாள்.

இங்கேதான் எனக்குப் பேஜார். கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டும். இந்த ஊசி, சாக்ஸ், நடை எல்லாமே ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு. சரி, ஒருநாள் நடையை விடட்டும் என்று எழுதிப் பார்த்தேன்: 'அன்று மாலை அவளுடைய இடது கால்...' திரைக்கு அப்பால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு வாய்விட்டுச் சிரிக்கிறவள் காலில் கட்டி வைக்க எனக்குக் கை வரவில்லை.

4

அப்படியானால் ஒரு வில்லியாவது வேண்டும். கேட்டது போலவே வந்தாள், பள்ளிகொண்டாவிலிருந்து, மக்பூலின் அக்கா ரஃபத் ஜஹான். சொல்லாமல், பார்வையாளர் நேரத்துக்கு முன்பே. மஹ்பூபி வராந்தாவின் நட்டநடுவில், நல்ல வேகத்தில் இருந்தாள். முனக வழியில்லை.

(பேசியது உருதுவில். வார்டு வாசலில் நின்று கேட்டதை எனக்குப் புரிந்தவரை தமிழில் தருகிறேன். ஆபா என்றால் அக்கா.)

"அடடே, நடக்கிறியே!"

"ஆபா... டாக்டர்தான் நடக்கச் சொன்னாங்க."

"மக்பூலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அடுப்புகிட்ட நிக்க வச்சிடுவாரு, ஆபா."

'ரஃபத் ஜஹான் உதட்டைப் பிதுக்கித் தம்பிக்குப் போன் போட்டாள்' என்று எழுதத் தயாராக இருந்தேன். அவள் போடவில்லை. வெள்ளை சாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் சின்னவன் பொறந்தப்ப என்னைக் கட்டில்லேர்ந்து எறங்கவே விடல. பாசத்துலதான். கால் தூண் மாதிரி வீங்கிச்சு. கண்ணு பட்டிருக்குன்னாங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சப்புறம்தான் வேலூருக்குத் தூக்கிட்டு வந்தாங்க. அல்லாஹ் காப்பாத்தினான்."

புர்காவைச் சற்றே தூக்கிக் காட்டினாள். ஒரு கால் இன்னும் தடித்து, கணுக்காலுக்கு மேல் கறுத்திருந்தது. இத்தனை வருட உறவில் மஹ்பூபி அந்தக் காலைப் பார்த்ததேயில்லை. ரஃபத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி வா. இன்னும் எத்தனை சுத்து?"

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஹேமலதா இருமினாள், ரஃபத் நிற்க விடவில்லை. எதிரே டிபன் கேரியரோடு மக்பூல்.

"நடக்கிறாளா! அப்ப வீட்டுக்கு வந்ததும்..."

"வந்ததும் நடப்பா. நடக்கிறது மருந்து. சமைக்கிறது மருந்தில்ல. ஆறு வாரத்துக்கு அவ சட்டி தூக்கக் கூடாது, டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் ரஃபத். எந்த டாக்டரையும் அவள் பார்த்திருக்கவில்லை.

"ஆமாங்க, வெயிட் தூக்கவே கூடாது" என்றாள் ஹேமலதா.

"அப்ப சமையல் யாரு?"

"ஆட்டுத்தோல தடவிப் பார்த்தே தரம் சொல்றியே, வெங்காயத் தோல உரிக்கத் தெரியாதா?"

என் வில்லி இப்படித்தான் கைநழுவிப் போனாள்.

5

மஹ்பூபி வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது முடிவு வேண்டும்.

ஒன்று: வீட்டில் சாக்ஸ் அரிக்கிறது என்று கழற்றிப் போடுகிறாள், நடையையும் விட்டுவிடுகிறாள், ஒருநாள் காலையில்... (இதை முடிக்க மாட்டேன்.)

இன்னொன்று: ஆறு வாரம் கழிகிறது. ஒன்றும் நடக்கவில்லை. தடுத்தது ஊசியா, சாக்ஸா, நடையா, இல்லை கட்டி வருவதாகவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வராத ஒன்றுக்கு யாரும் மிட்டாய் கொடுப்பதில்லை.

எதை வைப்பது என்று குழம்பி, மஹ்பூபிக்கே போன் செய்து, அவளைப் பற்றிக் கதை எழுதுவதைச் சொன்னேன்.

"கதையில கடைசியா எனக்கு இன்னா ஆவுது?"

"அத படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்னு விட்டுடலாமான்னு பாக்கிறேன்."

"என் காலப் பத்தி முடிவு பண்ண அவங்க யாரு?"

பின்னால் மக்பூலின் குரல், எவ்வளவு உப்பு என்று கேட்டது.

"சரி, அவங்க இன்னா வேணா முடிவு பண்ணிக்கட்டும். எனக்கு நடக்கிற நேரமாச்சு" என்று போனை வைத்துவிட்டாள்.