கூட வந்தவள்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் நம் பயண எழுத்தாளர். எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு உட்கார்ந்ததில்லை. ஊர் ஊராகப் போவார், எழுதுவார், அதில் கிடைப்பதை வைத்து அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் வாசகர்கள் சப்புக்கொட்டிப் படித்தது ஊர்களை அல்ல, அவருடைய வீட்டம்மாவை. மலை ஏறினால் மூட்டு வலி என்பாள். அருங்காட்சியக வாசலில் செருப்பு கடிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவாள். கணவர் வழி கேட்கும் லட்சணத்தைக் கிண்டலடித்தே கொன்றுவிடுவாள். அந்த அம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கட்டுரைகளில் மட்டும் சாகவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. விடுதி அறையில் கணினியைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவாள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். எழுதுவதை நிறுத்தினால் ஒரேயடியாகப் போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அன்றும் அவளைப் படகுத்துறையில் நிற்க வைத்து, காற்றில் பறந்த குடையைத் துரத்த விட்டுக்கொண்டிருந்தார். மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"போதும்ப்பா. அம்மாவ விட்டுடுங்க."

"எப்படிம்மா விடறது? நான் எழுதற வரைக்கும்தான் அவ இருக்கா."



"ஆஸ்பத்திரியில அம்மாவோட கடைசி நாள், நீங்க ஊர்ல இல்ல. அன்னிக்குத்தான் உங்க கட்டுரை வந்துச்சு. படிச்சுக் காட்டுடின்னாங்க. அதுல அம்மா உங்ககூட கடற்கரையில காலை நனைச்சுக்கிட்டு நடந்துட்டு இருந்தாங்க."

எழுத்தாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"முழுசா கேட்டுட்டுச் சிரிச்சாங்கப்பா. 'கொடுத்து வச்சவ, இவ'ன்னாங்க."

மகள் போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, கட்டுரையிலிருந்து மனைவியை வரி வரியாக எடுத்தார். மிச்சம் இருந்ததை அனுப்பினார்.

சாயங்காலம் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு சார். ஆனா மேடத்தக் காணோமே? இந்தத் தடவ கூட்டிட்டுப் போகலையா?"

"எந்தத் தடவையும் கூட்டிட்டுப் போனதில்ல" என்றார் எழுத்தாளர்.