நடுவில் மட்டும் அளந்தது

கிளெமென்ட் துளை போட்ட முப்பத்தெட்டு பிளேட்டும் தப்பு. கிஷோர் போட்ட முப்பதும் சரி. ஒரே மெஷின், ஒரே டூல், ஒரே அலுமினியம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆளை மாற்றினால் தீர்ந்தது என்று ஹெப்பகோடி பட்டறையின் முதலாளி கோவிந்தராஜன் முடிவு கட்டிவிட்டார். நோராவின் மண்டையைத்தான் அது காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது.

நோரா காக்ஸ் டவுன்காரி. கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின்கள் சொன்ன இடத்தில் சரியாகப் போய் நிற்கின்றனவா என்று அளந்து, பிசகு இருந்தால் திருத்தி, சான்றிதழ் கொடுக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை. மூன்று மாதத்துக்கு முன் இந்த மெஷினை அளந்ததும் அவள்தான். அவள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் மெஷின் கதவில் ஒட்டியிருந்தது. கோவிந்தராஜன் பேசும்போதெல்லாம் அதை நோக்கி விரலை நீட்டினார்.

"மெஷின் சுத்தம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க மேடம். இன்னிக்கு ஒரு தடவை பார்த்துட்டு அதையே திரும்ப எழுதிக் குடுங்க, போதும். கஸ்டமருக்கு லெட்டர் ரெடியா இருக்கு. ஆபரேட்டர் தப்பு, ஆளை மாத்திட்டோம்னு."

மாற்றுவது என்றால், திங்கட்கிழமையிலிருந்து கிளெமென்ட் பிசிறு எடுக்கும் மேசைக்குப் போக வேண்டும். பத்தொன்பது வருடம் மெஷின் ஓட்டிய மனிதர், அரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் போட்ட துளைகளின் ஓரத்தைச் சுரண்ட வேண்டும். அப்படிப்பட்டவர் அன்றைக்கு மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லோருக்கும் முன்னால் வந்து மெஷினை ஓடவிட்டு வைத்திருந்தார். குளிர்ந்த மெஷினை அளந்தால் கணக்கு பிசகும் என்பது அவருக்குத் தெரியும். தனக்கு எதிராக வரப்போகிற அளவாவது சரியாக வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நோராவுக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"கிளெமென்ட், கிஷோர் ஓட்டுறதுக்கும் நீங்க ஓட்டுறதுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் முதலாளியை ஒரு தரம் பார்த்தார். "இருக்கு மேடம். பிளேட்டுல ரெண்டு ஓட்டை, இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. ட்ரில் ரெண்டையும் போட்டு முடிக்கும்போது டூல் வலது பக்கம் நிக்குது. கிஷோரு ப்ரோக்ராம்ல, ஓட்டையைப் பெருசாக்குற போரிங்குக்கு மறுபடி இடது ஓட்டையையும் தாண்டிப் போயி, அங்கிருந்து வலது பக்கமா வருவான். நான் எதுக்கு சும்மா ஓடணும்னு, வலதுல இருந்தே ஆரம்பிச்சு இடதுல முடிக்கிற மாதிரி மாத்திட்டேன். பிளேட்டுக்கு பதினோரு செகண்ட் மிச்சம்."

"கேட்டீங்களா? எல்லாம் இவரு வேலை!" கோவிந்தராஜன் கையைத் தட்டினார். "ப்ரோக்ராமை மாத்துன்னு உன்னை யாருய்யா கேட்டா?"

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது. நோராவுக்கோ குடைச்சல் கூடிவிட்டது.

"சார், ஒரு நிமிஷம். மெஷின் சரியா இருந்தா, எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் ஒரே இடத்துலதான் நிக்கணும். ஆர்டர் மாத்தினா தப்பு வருதுன்னா, தப்பு ஆர்டர்ல இல்ல."

பழைய ஆட்டோவின் ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பிவிட்டு மறுபக்கம் திருப்பினால், சக்கரம் அசைவதற்கு முன் கை கொஞ்சம் வெறுமனே சுற்றும். மெஷினின் மேசையை நகர்த்தும் திருகுக்கும் அந்த ஆட்டம் உண்டு; பேக்லாஷ் என்பார்கள். திசை மாறும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மெஷின் அவ்வளவு கூடுதலாக நகர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு முன் நோரா கொடுத்த எண் முப்பது மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது.

நகர்வை அளக்கும் டயலை எடுத்து மேசையின் நடுவில் முள்ளைத் தொடவைத்தாள். மேசையைப் போகவிட்டு, திருப்பி வரவழைத்தாள். பிசகு ஒரு மைக்ரான். மறுபடியும் ஒன்று. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஆச்சா மேடம்? எழுதிடலாமா?"

எழுதியிருக்கலாம். பன்னிரண்டு மணி பஸ்ஸையே பிடித்திருக்கலாம். ஆனால் தப்பு வந்தது நடுவில் இல்லையே, கோடியில்தானே என்று அவளுக்குத் தோன்றியது. டயலைப் பெயர்த்து இடது கோடியில் வைத்தாள். மேசை போயிற்று, வந்தது. முள் இருபத்துநான்கில் நின்றது.

மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் இருபத்துநான்கு. கெட்டுப்போன முப்பத்தெட்டு பிளேட்டிலும் இரண்டு துளைக்கு நடுவே கூடியிருந்ததும் அதே இருபத்துநான்குதான். கிளெமென்ட் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

நடுவில் முப்பது ஆடுகிற திருகு, கோடியில் ஆறுதான் ஆடுகிறது. அங்கேயும் மெஷின் முப்பது கொடுத்தால் இருபத்துநான்கு தாண்டத்தானே செய்யும்? சரி, நடுவில் மட்டும் ஏன் இவ்வளவு தேய்ந்தது?

பதில் மேசைமேலேயே கிடந்தது. எண்ணெய்க் கறை படிந்த பரப்பின் நட்டநடுவில், மற்ற இடத்தைவிட வெளுத்து ஒரு நீள்சதுரம். ஓரத்தில் காய்ந்துபோன குங்குமம்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"வைஸ் மேடம். ஆறு வருஷமா அங்கயேதான். கழட்டினா திரும்ப நேர் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், சார் சத்தம் போடுவாரு. ஆயுத பூஜைக்குக்கூட கழட்டாம அப்படியே பொட்டு வெச்சிடுவோம். இந்தப் பிளேட்டு நீளம்கிறதால போன மாசம்தான் இறக்கி வெச்சோம்."

பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் நடுவிலேயே இருந்ததால், ஆறு வருடம் எல்லா வேலையும் அந்த ஒரு சாண் இடத்திலேயே நடந்திருக்கிறது. திருகும் அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. கண்டுபிடித்த குஷியில் நோரா சிரித்தேவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. போன முறை டயல் முள்ளை எதன்மேல் தொடவைத்தாள் என்பது ஞாபகம் வந்துவிட்டது. அந்த வைஸின் தாடைமேல்தான். கைக்கு வசதியாக, நடுவிலேயே இருந்ததே! அன்றைக்குக் கோவிந்தராஜன் அரை நாள்தான் மெஷினைத் தந்தார். லேசரை வைத்துத் திருகு முழுவதையும் போகும் திசையில் மட்டும் அளந்தாள். திரும்பும் திசைக்கு நேரம் இல்லை. நடுவில் டயல், அவ்வளவுதான், கையெழுத்து. வெட்கத்தில் காது சுட்டது.

அவள் சொன்னதையெல்லாம் கோவிந்தராஜன் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தேய்மானம்னு போட்டுடுங்க மேடம். பொய் இல்லையே? உங்க பேரும் கெடாது."

பூசி மெழுக நல்ல வார்த்தைதான். ஆனால் தேய்மானம் என்று மட்டும் போட்டால் பழைய சான்றிதழ் செத்தும் சாகாமல் நிற்கும். மெஷின் சரியாக இருக்கும்போதே கெடுத்தவர் கிளெமென்ட் என்று அந்த லெட்டரும் போகும். உண்மையை எழுதினால் அவளுடைய ஆபீசில் விசாரணை வரும். கையெழுத்துப் போடும் உரிமையையே எடுத்துவிடுவார்கள். நோராவுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே எழுதினாள்: 'சென்ற முறை பேக்லாஷை மேசையின் நடுவில் மட்டும் அளந்தேன். முப்பத்தெட்டு பிளேட்டுகளின் பிசகுக்கு அதுவே காரணம். ஆபரேட்டர் தவறு இல்லை.'

அப்புறம் லேசரைப் பூட்டி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி அளந்தாள். போகும்போது ஒரு பட்டியல், திரும்பும்போது ஒரு பட்டியல். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்க நாலு மணி ஆகிவிட்டது.

கிளெமென்ட் ஒரு பிளேட்டை ஏற்றினார். தன் வழியில், வலதிலிருந்து இடதாக ஓட்டினார். அளந்து பார்த்தால் பிசகு மூன்று மைக்ரான். பதினைந்துவரை செல்லும்.

கோவிந்தராஜன் கடிகாரத்தைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார். "கிஷோரையும் இதே மாதிரி ஓட்டச் சொல்லு கிளெமென்ட்" என்றார். டைப் அடித்து வைத்த லெட்டரை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார். ஸாரி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

நோரா கதவிலிருந்து தன் பழைய சான்றிதழைப் பிய்த்தெடுத்தாள். கிளெமென்ட் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"அடுத்த தடவையும் நீங்களே வாங்க மேடம்."

"இனிமே என்னைக் கையெழுத்துப் போட விடுவாங்களான்னே தெரியல."

"கையெழுத்து யாரு வேணா போடட்டும்" என்றார் அவர். "நீங்க வந்து அளங்க."