ஆல்வின் பென்னர் கைவைத்த மடிக்கணினி

வாருங்கள் தோழர்களே, கனடாவின் வின்னிப்பெக் நகரின் அடுக்ககம் ஒன்றில் நடந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். ஜனவரி மாதம். வீடுகளுக்குச் சூடு தரும் கொதிகலனைப் பழுதுபார்க்கக் கட்டட உரிமையாளர் மறுத்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே கையுறையோடு ரொட்டி தின்ற மக்கள், வாடகைத் தீர்ப்பாயத்தில் தங்களுக்காக வாதாட ஹெல்கா பென்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். விசாரணை காணொளியில் நடக்கும். உறைந்த குழாய்களின் படங்கள் அனைத்தும் அவளுடைய மடிக்கணினிக்குள் இருந்தன. விசாரணையன்று காலை அதன் பொத்தானை அழுத்தினாள். ‘தொடங்குவதற்கான வட்டு எதுவும் இல்லை’ என்றது கறுத்த திரை.

“குளிராலதான். ராத்திரி கார்ல விட்டுட்டியா?” என்றான் கணவன் ஆல்வின்.

“மேசை மேலதான் இருந்துச்சு.”

“நம்ம வீட்டு மேசைக்கும் காருக்கும் என்ன வித்தியாசம்?”

கார் எஞ்சினுக்கு இரவெல்லாம் மின்சாரம் கொடுத்துச் சூடாக வைத்திருக்கும் ஊர் அது. அவன் சொன்னதை எவரும் ஐயுறவில்லை. மின்போர்வை வந்தது. கீழ்வீட்டார் வெந்நீர்ப் பை கொடுத்தனர். ஒருவர் கம்பளித் தொப்பியைக் கழற்றித் திரையின் மூலையில் மாட்டினார். மனிதர்கள் மாதக்கணக்கில் கெஞ்சியும் கிடைக்காத வெப்பம், ஒரு பெட்டிக்கு நொடியில் கிடைத்தது.

பள்ளிக் கணினிக்கூடத்தில் பணிபுரியும் மேல்மாடி மார்லீன் வந்து போர்வையை விலக்கினாள்.

“நல்லா இருந்ததுக்குக் காய்ச்சல் வரவெச்சிருக்கீங்க. யாராவது செட்டிங்ஸ மாத்தினீங்களா?”

எல்லோரும் இல்லையென்று தலையசைத்தனர். ஆல்வின் மட்டும் காப்பி போட எழுந்தான்.

“உக்காரு,” என்றாள் ஹெல்கா. “என்ன மாத்தின?”

“மாத்தல. கொஞ்சம் நல்லாக்கினேன்.”

“ஆல்வின்.”

“சீக்கிரமா ஆன் ஆகும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. வட்டு சம்பந்தமா ஏதோ ஒண்ணு. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு பண்ணேன்.”

“ஆச்சரியமாத்தான் இருக்கு.”

மார்லீன் ஒரு விசையை அழுத்தித் தொடக்க அமைப்புக்குள் நுழைந்தாள். தகவல்களைச் சேமிக்கும் வட்டு இயங்கும் முறையை ஆல்வின் மாற்றியிருந்ததால், இயந்திரம் தன் வட்டையே அடையாளம் காணாமல் நின்றிருந்தது. அதைப் பழையபடி வைத்தாள். திரை ஒளிர்ந்தது.

வராதவர்களின் மனுவைத் தள்ளுபடி செய்யுமாறு உரிமையாளரின் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டிருந்தபோது ஹெல்கா திரையில் தோன்றினாள், படங்களைக் காட்டினாள். கொதிகலனை உடனே சரிசெய்ய ஆணை பிறந்தது.

ஒரு கட்டடமே போராடிப் பெற்ற அந்த ஆணை, ஒரு மனிதனின் மௌனத்தால் கைநழுவப் பார்த்தது. ஆகவே கேட்கிறேன்: உங்கள் வீட்டுக் கணினியில் எதையேனும் மாற்றிவிட்டு வாய்மூடி அமர்ந்திருக்கிறீர்களா? எழுங்கள். அதை நம்பியிருப்பவரிடம் போய், அவர் பொத்தானை அழுத்தும் முன்னரே சொல்லுங்கள்.