கணுக்கால் அளவு கடல்

போர் முடிந்து கேப்டன் இசோகாய் வீடு திரும்பியபோது அவருடன் கடலும் வந்தது. முதல் வருடம் கணுக்கால் அளவுதான். அவர் பூட்ஸைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் பாய் விரித்த தரையில் உப்புநீர் ஏறும். வெளியே போனால் வடிந்துவிடும். வேறு எந்த வீட்டிலும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஊரார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருடம் அரிசிக்கு வரிசையில் நிற்பதே பெரும்பாடாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தோமி மட்டும் கூடையோடு வருவாள்.

"அக்கா, உங்க கூடத்துக் கிளிஞ்சல் நல்லா சதைப்பத்தா இருக்கு. ரெண்டு கை அள்ளிக்கட்டுமா?"

"அள்ளிக்கோடி. அவரைச் சுத்தித்தான் நிறையக் கிடக்கு, கொஞ்சம் நகரச் சொல்லு" என்பாள் கேப்டனின் மனைவி கியோனோ.

கேப்டன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மீசை முளைக்கும் முன்பே கடற்படைப் பள்ளிக்குப் போனவர். மூடுபனியில் மோந்து பார்த்தே கரையைச் சொல்வார் என்று பேர் வாங்கி, ஒரு போர்க்கப்பலுக்கே தலைவரானார். கடைசித் தடவை கிளம்பும்போதுதான் வம்பு வந்தது. வாசல் தாண்டுகிற எவரும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லவேண்டும்; திரும்பியதும் "வந்துட்டேன்" என்றால்தான் வீட்டார் "வாங்க" என்பார்கள். அது அந்த ஊர் வழக்கம். இந்த மனுஷன் விறைப்பாக நின்று "போறேன்" என்றார். வருவேன் என்று சொல்வது கோழைத்தனம் என்று அன்றைய அதிகாரிகளுக்கு ஒரு நினைப்பு. கப்பல் மூழ்கியது. அவரை மட்டும் அலை ஒரு பலகையோடு கரையில் போட்டது. வீட்டு வாசலில் "வந்துட்டேன்" என்ற சொல் அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தன்னை நம்பிக் கப்பலேறிய பையன்கள் வராதபோது தான் மட்டும் எப்படிச் சொல்வது? அவர் சொல்லாமல் கியோனோ எப்படி "வாங்க" என்பாள்? வீட்டின் கணக்கில் அவர் இன்னும் கடலில்தான் இருந்தார்.

தண்ணீர் வருடத்துக்கு வருடம் ஏறியது. முழங்கால், பிறகு இடுப்பு. சோற்றுப் பானை மிதந்தது. மனுஷன் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று கியோனோ பானையைத் தூணில் கட்டிவைத்தாள். அந்தத் தூணே உளுத்தபோது கேப்டன் மூட்டை கட்டினார்.

"நான் இருந்தா வீடு விழுந்துடும், கியோனோ. நான் போறேன்."

"மறுபடியும் அதே வார்த்தையா! நாக்குல என்ன இருக்கு உங்களுக்கு?" அவர் சட்டைக் கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெருவில் சோயாப்பால் கட்டி விற்கும் டோஃபுக்காரரின் ஊதல் கேட்டது. ஒரு கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். "டோஃபு வாங்கியாந்து குடுத்துட்டு எங்கே வேணா தொலைங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் படி இறங்குங்க."

"போயிட்டு வரேன்" என்று முணுமுணுத்தார் கேப்டன்.

டோஃபு வாங்கித் திரும்பியவர், நீர் தளும்பும் கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்தி, தோளால் கதவைத் தள்ளி, கவனமெல்லாம் டோஃபுவில் இருக்க, "வந்துட்டேன்" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து இளம் குரல்கள் எழுந்தன. "வந்துட்டோம்!" "நாங்களும் வந்துட்டோம்மா!" ஆள் யாரையும் காணோம், வாசலில் ஈர பூட்ஸ்கள் மட்டும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. கியோனோ வாசலுக்கு ஓடிவந்தாள்.

"வாங்க, வாங்கப்பா. இவ்வளவு நாளும் வெளியிலேயா நின்னீங்க?"

அவர் கூடவே ஏறிவந்த தண்ணீர் இந்தத் தடவை ஒரேயடியாகப் படியிறங்கித் துறைமுகப் பக்கம் போய்விட்டது. கேப்டன் கிண்ணத்தோடு நின்று குழந்தைபோல் அழுதார். கியோனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"இத்தனை பிள்ளைங்களுக்கு இது எந்த மூலைக்குங்க? ஓடிப் போய் இன்னும் வாங்கிட்டு வாங்க."

"போயிட்டு வரேன்!" தெருவே கேட்கச் சொன்னார்.

கிளிஞ்சலுக்காகத் தோமிதான் மறுபடி கடற்கரைவரை நடக்க வேண்டியதாயிற்று. டோஃபுக்காரர் அன்றிலிருந்து வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு முதலில் அந்த வீட்டுக்குத்தான் வருகிறார்.